எழுபதுகளின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்: சோதித்து வாங்கவும், சேதமில்லாமல் மாற்றவும் ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே ஒரு கிடாரைப் பற்றியது. 1971-ன் கடைசி முதல் 1981 வரை ஃபெண்டர் தயாரித்த, பெரிய ஹெட்ஸ்டாக்கும் (கழுத்தின் தலைப்பகுதி) மூன்று போல்ட் கழுத்தும் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிடார். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்குவதற்கு முன் வந்த கிடார்களை இப்போது யாரும் கத்தி, ஸ்க்ரூடிரைவரோடு நெருங்குவதில்லை; விலை அப்படி. எழுபதுகளின் கிடார்களை இன்னமும் வாசிப்பதற்காக வாங்குகிறார்கள். வாங்கிய வாரமே மாற்றவும் தொடங்கிவிடுகிறார்கள். சேதம் பெரும்பாலும் அந்த முதல் வாரத்தில்தான் நடக்கிறது.

நான் கடைப்பிடிக்கும் விதி இதுதான்: செய்யும் எந்த மாற்றத்தையும் ஒரே மாலையில், ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் கொண்டு பழையபடி ஆக்கிவிட முடிய வேண்டும். மரத்தைக் குறைப்பது, புது ஓட்டை போடுவது, பெயின்ட்டை உரிப்பது மூன்றையும் திருப்ப முடியாது. கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க இந்த விதியிலிருந்து வருவதுதான். வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், இரும்பு ஸ்கேல், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), கேப்போ (தந்திகளைக் கழுத்தோடு அழுத்திப் பிடிக்கும் கவ்வி), புற ஊதா டார்ச், 1 மற்றும் 2-ம் எண் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர்கள், 60 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் ஃப்ளக்ஸ் உள்ள 60/40 ஈயக் கம்பி, ஈயம் உறிஞ்சும் செப்புப் பின்னல். இத்துடன் ஜிப் பைகள், மார்க்கர், கெட்டியான பருத்தித் துண்டு.

ஆலன் கீ மட்டும் அங்குல அளவில் இருக்க வேண்டும். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருக 1/8 அங்குலம், பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடில்களின் உயரத்துக்கு 0.050 அங்குலம். 3 மி.மீ. கீயும் ட்ரஸ் ராடின் நட்டில் நுழையும். ஆனால் 1/8 அங்குலம் என்பது 3.175 மி.மீ. அந்தச் சிறு இடைவெளியில் கீ வழுக்கி, நட்டின் ஆறு மூலைகளும் தேய்ந்து உருண்டையாகிவிடும். ஹெட்ஸ்டாக்கில் துப்பாக்கிக் குண்டு போலத் துருத்தி நிற்கிற அந்த நட் உருண்டையான எத்தனையோ கிடார்களைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம் இதே கீதான்.

ஸ்க்ரூடிரைவரும் அப்படித்தான். தலைக்குப் பொருந்தாத முனையால் திருகினால் ஐம்பது வருட ஸ்க்ரூவின் பள்ளம் சிதைந்துவிடும். சிதைந்த பள்ளத்தைப் பார்க்கிற அடுத்தவர், உள்ளே என்னவெல்லாம் மாறியிருக்குமோ என்று சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகம் நியாயமானதே.

2. எதையும் கழற்றாமல் தெரிந்துகொள்ள வேண்டியவை

கழற்றிப் பார்க்க எல்லா விற்பனையாளர்களும் விடுவதில்லை. அதனால் வெளியிலிருந்தே முடிந்தவரை தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஆண்டு. கழுத்துத் தட்டில் மூன்று போல்ட், ஹெட்ஸ்டாக்கில் குண்டு நட், தந்திகளை அழுத்திப் பிடிக்க இரண்டு ஸ்ட்ரிங் ட்ரீ, பின்னால் எஃப் என்று முத்திரையிட்ட ட்யூனர்கள் (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பவை): எழுபதுகளின் கிடாரில் இவை சேர்ந்தே இருக்கும். சீரியல் எண் 1976 வரை கழுத்துத் தட்டில் இருந்தது. அதன் பிறகு ஹெட்ஸ்டாக்கில் பெயர் பதிக்கும் ஒட்டுச் சின்னமான டெக்காலில் வந்தது. எஸ்7, எஸ்8, எஸ்9 என்று தொடங்கினால் முறையே 1977, 1978, 1979 என்பது பொதுக் கணக்கு. எஸ்9 எண்கள் 1979-க்குப் பிறகும் தொடர்ந்தன. கழுத்துத் தட்டு மூன்று ஸ்க்ரூவில் கழன்று வரும் பொருள் என்பதால், அதிலுள்ள எண்ணை மட்டும் வைத்து ஆண்டை முடிவு செய்யாதீர்கள்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்களைப் பாருங்கள். காந்த முனைகள் ஏறி இறங்கி இருந்தால் 1974 வாக்கிலோ அதற்கு முன்போ செய்தது. எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் அதற்குப் பின். பிக்கப் மூடி, குமிழ்கள் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறியது 1975 வாக்கில். 1977-ல்தான் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் மூன்று நிலை ஸ்விட்ச் போய் ஐந்து நிலை ஸ்விட்ச் வந்தது. 1973 கிடாரில் ஐந்து நிலை இருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். அதனால் கிடார் கெட்டுவிட்டது என்றில்லை. விலைப் பேச்சில் அதற்குக் கணக்கு வேண்டும், அவ்வளவே.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. இந்த வருடங்களில் உடலுக்கும் கழுத்துக்கும் கெட்டியான பாலியெஸ்டர் பூச்சு அடித்தார்கள். ஆனால் டெக்கால் பாலியெஸ்டரோடு ஒத்துப்போகாததால் ஹெட்ஸ்டாக்கின் முகப்புக்கு மட்டும் பழைய நைட்ரோசெல்லுலோஸ் (சுருக்கமாக நைட்ரோ) லக்கரையே வைத்துக்கொண்டார்கள். நைட்ரோ காலப்போக்கில் மஞ்சளாகும்; பாலியெஸ்டர் அந்த அளவுக்கு ஆகாது. எனவே ஹெட்ஸ்டாக்கின் முகம் தேன் நிறத்திலும், அதை அப்படியே திருப்பினால் முதுகு வெளுத்தும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால், முகப்பை உரித்துப் பூசியிருக்கலாம், டெக்காலும் புதிதாக இருக்கலாம். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் பழைய நைட்ரோ மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும். தொட்டுப் பூசிய இடங்கள் கறுத்துத் தெரியும்.

பிறகு மல்டிமீட்டர். கிடாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையிலுள்ள பிளக்கின் நுனிக்கும் அதன் உலோக உடலுக்கும் நடுவே மின்தடையை அளவெடுங்கள். ஒவ்வொரு பிக்கப்பும் ஏறத்தாழ 5 முதல் 6.5 கிலோ ஓம் காட்ட வேண்டும். 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (குமிழின் அடியில் உள்ள மாறு மின்தடை) பக்கவாட்டில் இணைந்திருப்பதால் அளவு சற்றுக் குறைவாகவே வரும்; 5.8 உள்ள பிக்கப் 5.67 என்று காட்டும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஐந்து நிலை ஸ்விட்சில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் இடை நிலைகளில் இதில் ஏறக்குறைய பாதி வரும். மீட்டர் 250 என்று காட்டினால் அந்தப் பிக்கப்பின் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. பாட்டின் தடை மட்டும்தான் மீட்டருக்குத் தெரிகிறது.

கடைசியாகக் கழுத்து. ஹெட்ஸ்டாக்கை ஒட்டித் தந்திகளைத் தாங்கும் பள்ளக் கட்டையின் (இதற்கும் நட் என்றே பெயர்) பக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் பாருங்கள். மெல்லிய குழிவு சரி; முறுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். ட்ரஸ் ராட் நட் இரண்டு பக்கமும் கால் சுற்றாவது நகருகிறதா என்று விற்பவரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள்.

3. அனுமதி பெற்றுக் கழற்றிப் பார்க்க வேண்டியவை

கழுத்தைக் கழற்றுவதானால், தந்திகளை முழுதாகத் தளர்த்திய பிறகே அதன் ஸ்க்ரூவில் கை வையுங்கள். இழுவிசை இருக்கும்போது கடைசி ஸ்க்ரூ கழன்றால் கழுத்து துள்ளி, பொருந்துகிற குழியின் விளிம்பில் பூச்சு உடையும். மூன்றில் ஒன்று மர ஸ்க்ரூ இல்லை. கழுத்தில் பதித்த உலோகத்துக்குள் ஏறும் போல்ட். எது எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கழுத்தின் அடியில் பெரும்பாலும் எட்டு இலக்க முத்திரை இருக்கும். 09003953 என்று இருந்தால்: 09 ஸ்ட்ராட்டோகாஸ்டர், 00 கழுத்தின் வகை, 39 வாரம், 5 என்பது 1975, கடைசி 3 வாரத்தின் நாள். முத்திரையே இல்லாத கழுத்துகளும் உண்டு. அது மட்டும் போலிக்கு அடையாளமாகாது.

உடலின் முகப்பில் உள்ள பிக்கார்டு என்ற பிளாஸ்டிக் தகட்டைத் திறந்தால் பாட்களின் முதுகில் ஏழு இலக்க எண். 1377336 என்றால் 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 73 ஆண்டு, 36 வாரம். பாட் கிடாரை விட மூத்ததாக இருக்கலாம். இளையதாக இருக்கக் கூடாது. 1966-ல் பெருமளவில் வாங்கிய பாட்களையே ஃபெண்டர் அந்தப் பத்தாண்டின் கடைசி வரை போட்டு வந்தது. ஆகவே சில வருட இடைவெளி இயல்பு. கழுத்து 1975, பாட் 1978 என்றால் பாட் மாறியிருக்கிறது, அல்லது கழுத்து வேறு கிடாரிலிருந்து வந்திருக்கிறது.

எண்களை விட ஈயம் அதிகம் பேசும். தொழிற்சாலை ஈயம் மங்கலாக, மெல்லிய தூசி படிந்து, பாட்டின் முதுகில் அகலமாகப் பரவி இருக்கும். பளபளக்கிற உருண்டை, கரிந்த ஃப்ளக்ஸ் வளையம், உருகிச் சுருங்கிய ஒயர் உறை ஆகியவை பிற்காலக் கைவேலை. பிறகு பிக்கப்கள் அமரும் மரக்குழிகளைப் பாருங்கள். எழுபதுகளின் இறுதியில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் என்ற அகலமான இரட்டைச் சுருள் பிக்கப் போடுவது பெரிய மோகமாக இருந்தது. அதற்காக உளியால் மரத்தைக் குடைந்தவர்கள் அதன் மேலேயே பழைய பிக்கார்டைத் திரும்ப மாட்டி விற்றுவிடுவார்கள். பூச்சு இல்லாத வெள்ளை மரம் எந்த மூலையிலாவது தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

4. எந்தக் கிடாரை மாற்றலாம் என்று முடிவு செய்வது

இந்த முடிவைப் பணம் கொடுக்கும் முன் எடுக்க வேண்டும். உள்ளே ஒரு ஈய முடிச்சுகூடக் கலையாத கிடார் கிடைத்து, உங்களுக்கோ வேறு பிக்கப்தான் வேண்டும் என்றால், அதை வாங்காதீர்கள். அதை அப்படியே வைத்துக்கொள்ளும் ஒருவருக்கு விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பெயின்ட் மாற்றியது, பாட் மாற்றியது, ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மாற்றியது இருக்கிறதே, அதைத் தேடுங்கள். மறுபூச்சு பூசிய கிடார் மூலப் பூச்சு உள்ளதில் பாதி விலைக்குப் போகும் என்பது பழைய கிடார் சந்தையின் நெடுநாள் கணக்கு. வாசிக்க விரும்புகிறவருக்கு அந்தப் பாதி விலை பெரிய வாய்ப்பு. மரமும் கழுத்தும் அதே மரமும் கழுத்தும்தான்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டைச் சிலர் எதிர்வாதமாகச் சொல்வார்கள். அதில் ஓட்டை போட்டார்கள், காலர் (Kahler) நிறுவனத்தின் ட்ரெமோலோவுக்காக (கைப்பிடியால் சுருதியை அசைக்கும் அமைப்பு) மரத்தைக் குடைந்து பிறகு அடைத்தார்கள், கழுத்தைப் பலமுறை மாற்றினார்கள். 2019-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. அந்த விலை வாசித்த கைக்குக் கிடைத்தது. நம் கிடாரில் போடும் ஓட்டைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

5. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

தந்திகளை இரண்டு மூன்று சுருதி தளர்த்தி, ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் இரு பக்கமும் துணி திணித்து, கெட்டிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். ட்ரெமோலோ கைப்பிடியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும்.

பெட்டி வந்ததும் உடனே திறக்காதீர்கள். விமானத்தின் குளிரிலிருந்து வந்த நைட்ரோ பூச்சு சட்டென்று சூடானால் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். ஒரு நாள் முழுதும் மூடியே இருக்கட்டும்.

கழுத்துப் பலகை (விரல்கள் தந்தியை அழுத்தும் பரப்பு) ரோஸ்வுட்டாக இருந்தால் அது எந்த ரோஸ்வுட் என்பது முக்கியம். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. எழுபதுகளின் ஸ்ட்ராட்களில் வந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தி, அதாவது ஈட்டி. 2017-ல் இதன் பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தாலும், முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து விலக்கு உண்டு. மேப்பிள் பலகைக்கு இந்தக் கவலையே இல்லை.

6. படம் எடுத்துப் பதிந்து வைப்பது

எதையும் மாற்றும் முன் படம். முழுக் கிடார் முன்பின், ஹெட்ஸ்டாக், கழுத்தின் அடி முத்திரை, பாட் எண்கள், ஸ்விட்சின் இரண்டு பக்கம், பிக்கப்களின் அடி, ஜாக் (கேபிள் செருகும் இடம்), ஸ்ப்ரிங் குழி. ஒவ்வொரு ஒயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். சேடில் உயரங்களையும் பிக்கப் உயரங்களையும் மி.மீ. கணக்கில் எழுதிவையுங்கள்.

இதை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள், பாதிப் பேர் செய்வதில்லை. பத்து வருடம் கழித்து விற்கும்போது, கலைக்கப்படாத ஈயத்தின் படம் உங்களிடம் இருந்தால் வாங்குகிறவருக்கு வேறு சாட்சி வேண்டாம்.

7. முதலில் செட்டப், பிறகுதான் மாற்றம்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மூன்றாம் தந்தி மட்டும் கத்துகிறது, மேல் ஃப்ரெட்களில் சுருதி அலைகிறது, தந்தி கழுத்தின் ஓரத்துக்கு வழுக்குகிறது என்பார்கள். மறுநாளே புது பிக்கப், புது பிரிட்ஜ் வாங்கிவிடுவார்கள். இந்த மூன்றுக்கும் பழைய பாகங்களை வைத்தே தீர்வு உண்டு. செட்டப் (இருக்கும் பாகங்களின் உயரத்தையும் இடைவெளிகளையும் சரிசெய்வது) முடித்துச் சில வாரம் வாசித்த பிறகும் குறை இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

வரிசை: புதுத் தந்தி, கழுத்தின் குழிவு, தந்தி உயரம், தேவைப்பட்டால் கழுத்தின் சாய்வு, பிக்கப் உயரம், கடைசியில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வர சேடிலை முன்பின் நகர்த்துவது). ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் வருவதைப் பாதிக்கும். அதனால்தான் இந்த வரிசை.

குழிவுக்கு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியை (எல்லாவற்றிலும் தடித்தது) அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் தந்திக்கும் இடையே 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. ட்ரஸ் ராடை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். மரம் மெதுவாகத்தான் அசையும். ஒரு இரவு விட்டு மறுபடி அளவெடுங்கள்.

தந்தி உயரத்துக்கு, கடைசி ஃப்ரெட்களின் பக்கம் ஆறாம் தந்தி 2 மி.மீ., முதல் தந்தி 1.6 மி.மீ. என்று தொடங்குங்கள். இந்தக் கழுத்துப் பலகையின் வளைவு 7.25 அங்குல ஆரம். அவ்வளவு வளைந்த பலகையில் உயரத்தை இதற்கும் கீழே இறக்கினால், மேல் ஃப்ரெட்களில் தந்தியை இழுத்து வளைக்கும்போது ஓசை பாதியில் செத்துவிடும். அந்தக் கிடாரின் இயல்பு அது. பலகையைத் தேய்த்து மட்டமாக்கச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள்.

சேடில்களை முழுதும் இறக்கியும் தந்தி உயரமாக இருந்தால்தான் சாய்வு. இந்தக் கிடாரின் கழுத்துத் தட்டில் ஒரு சிறிய துளை உண்டு. அதற்குள் இருக்கும் ஆலன் ஸ்க்ரூ கழுத்தின் அடியைத் தூக்கும். தந்தியைத் தளர்த்தி, மூன்று போல்ட்டையும் சில சுற்று தளர்த்தி, அதன் பிறகுதான் அதைத் திருக வேண்டும். போல்ட்டைத் தளர்த்தாமல் திருகினால் அந்தச் சிறு ஸ்க்ரூ மொத்தக் கழுத்தின் பிடிப்பையும் எதிர்த்துத் தள்ளி, மரத்தில் அழுந்திவிடும். கால் சுற்றே பெரிய வித்தியாசம் காட்டும்.

தந்தி ஓரத்துக்கு வழுக்குவதும் இதே இடத்தின் சிக்கல்தான். போல்ட்களைச் சற்றுத் தளர்த்தி, தந்திகள் பாதி இழுவிசையில் இருக்க, கழுத்தைக் கையால் நேராகத் தள்ளிப் பிடித்து இறுக்குங்கள். இதற்காக நான்காவது ஓட்டை போட்டு நான்கு போல்ட் ஆக்குவதை இன்னும் பல பட்டறைகளில் செய்கிறார்கள். தேவையே இல்லாத ஓட்டை அது.

பிக்கப் உயரம்: கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தி, காந்த முனைக்கும் தந்திக்கும் இடையே ஆறாம் தந்தியில் 2.4 மி.மீ., முதல் தந்தியில் 2 மி.மீ. வையுங்கள். கழுத்துப் பக்கப் பிக்கப் இதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியையே இழுக்கும். ஆறாம் தந்தியில் இரண்டு சுருதி சேர்ந்து ஒலிப்பது போலக் கேட்கும், இன்டொனேஷனும் நிற்காது. பிக்கப்பைத் தாழ்த்தினால் போய்விடும்.

மூன்றாம் தந்தி கத்துவதற்குக் காரணம், ஏறி இறங்கும் காந்த முனைகள் சுற்றுக்கம்பி போட்ட மூன்றாம் தந்திக்காக வகுக்கப்பட்டவை. நாம் போடுவது வெறும் கம்பி. சிலர் அந்த முனையைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்துவார்கள். ஃபெண்டர் பிக்கப்பில் செப்புக்கம்பி காந்தத்தின் மேலேயே நேரடியாகச் சுற்றப்பட்டிருக்கிறது. காந்தம் நகர்ந்தால் தலைமுடியை விட மெல்லிய அந்தக் கம்பி அறுந்துவிடும். பிக்கப்பின் அந்தப் பக்கத்தைத் தாழ்த்துங்கள், அல்லது மூன்றாம் தந்தியை ஒரு அளவு மெல்லியதாகப் போடுங்கள்.

8. இரண்டாவது பிக்கார்டு: இந்த வழிகாட்டியின் நடுநாயகம்

பிக்கப்பை மாற்றியே தீர வேண்டும் என்றால், பழைய பிக்கார்டிலிருந்து பழைய பிக்கப்பைப் பிரிக்காதீர்கள். மூன்று பிக்கப், மூன்று பாட், ஸ்விட்ச் எல்லாம் ஒரே பிக்கார்டில் தொங்குவதுதான் ஸ்ட்ராட்டின் பெரிய வசதி. புதிய பிக்கார்டு ஒன்றைத் தனியாக முழுதும் கட்டி, பழையதை அப்படியே முழுதாகத் தூக்கிவிட்டு இதை வைக்கலாம். தொழிற்சாலை ஈயத்தில் மூன்றே மூன்று இணைப்புகள்தான் கலையும்.

அ. அளவு. பதினொரு ஸ்க்ரூ பிக்கார்டு என்று கேட்டு வாங்கினாலும் ஓட்டைகள் எல்லாம் பொருந்தும் என்று நம்பாதீர்கள். காலத்துக்குக் காலம் இடம் மாறியிருக்கிறது. பழையதை ஒரு தாளில் வைத்து ஓட்டைகளைக் குறித்து ஒப்பிடுங்கள். பொருந்தாத இடத்தில் புது பிளாஸ்டிக்கில் துளையிடலாம், அல்லது அந்த ஒரு ஸ்க்ரூவை விட்டுவிடலாம். மரத்தில் கூடாது.

ஆ. பாகங்கள். 250 கிலோ ஓம் பாட் மூன்று, ஐந்து நிலை ஸ்விட்ச், 0.047 அல்லது 0.022 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். நடு பிக்கப்பின் சுற்றும் காந்தமும் எதிர்த்திசையில் உள்ள தொகுப்பாக வாங்கினால் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் அடங்கும். குமிழ்களும் புதிதாகவே வாங்குங்கள். மெட்ரிக் பாட்டின் தண்டு அமெரிக்கத் தண்டோடு பொருந்தாது. பழைய குமிழை அதில் அழுத்தினால் விரிந்துவிடும்.

இ. இரைச்சல் தடுப்பு. செப்புத் தாளைப் புதிய பிக்கார்டின் அடியில் ஒட்டுங்கள். மரக்குழிக்குள் மின்கடத்திப் பெயின்ட் அடிக்காதீர்கள். அதை எடுக்க முடியாது. மறுபூச்சைக் கண்டுபிடிக்க உதவும் தடயங்களையும் அது மூடிவிடும்.

ஈ. மேஜையிலேயே சோதனை. எல்லாவற்றையும் பற்றவைத்த பின், ஒரு தனி ஜாக்கை இணைத்து ஆம்ப்ளிஃபயரில் போட்டு, ஒவ்வொரு காந்த முனையையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெல்லத் தட்டுங்கள். ஸ்விட்சின் ஐந்து நிலைகளிலும் எந்தப் பிக்கப் ஒலிக்கிறது என்று பாருங்கள். கிடாரில் வைத்த பிறகு தவறு தெரிந்தால் தந்தியெல்லாம் மறுபடி கழற்ற வேண்டும்.

உ. பழையதை எடுப்பது. தந்திகளை எடுத்து, உடலின் மேல் பருத்தித் துண்டு விரியுங்கள். ஈயத் துளி விழுந்தால் பூச்சில் குழி விழும். பிக்கார்டை மெல்லத் தூக்கித் துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஜாக்கில் இரண்டு ஒயர். அவற்றை ஜாக் முனையில் பிரியுங்கள், பாட் முனையில் வேண்டாம். பிறகு ஸ்ப்ரிங்களைப் பிடிக்கும் இரும்புக் கொக்கியிலிருந்து வரும் தரை ஒயர். இதையும் கொக்கி முனையில் பிரியுங்கள். பாட்டின் முதுகைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் கரித்தடம் கெடலாம். இரும்புக் கொக்கிக்கு ஒன்றும் ஆகாது. அயர்னின் அகல முனையை வைத்து ஒரே அழுத்தில் உருக்க வேண்டும். சிறிய அயர்னால் நெடுநேரம் சுட்டால் ஒயரின் உறைதான் கருகும்.

ஊ. புதியதை வைப்பது. புதுக் கொக்கி ஒன்றுக்கு ஒயர் பற்றவைத்து, பழைய இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளிலேயே மாட்டுங்கள். பழைய ஜாக்கும் பழைய கொக்கியும் பழைய பிக்கார்டோடு போகட்டும். பிக்கார்டு ஸ்க்ரூக்களை உடனே வலப்பக்கம் முறுக்காதீர்கள். முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். மரத்தில் உள்ள பழைய புரியில் ஸ்க்ரூ சிறு அசைவோடு இறங்குவது விரலில் தெரியும். அங்கிருந்து இறுக்கினால் மரம் புதிதாக வெட்டுப்படாது. கழுத்து ஸ்க்ரூக்களுக்கும் இதையே செய்யுங்கள்.

வேலை முழுவதும் ஜன்னல் திறந்திருக்கட்டும். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்பே சாப்பிடுங்கள். 60/40 கம்பியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஈயம்தான்.

பிக்கப் ஒன்று அறுந்திருந்தால், புதிதாகச் சுற்றக் கொடுக்கும் முன் பொறுங்கள். பெரும்பாலும் சுருளின் வெளி நுனி ஒயரோடு சேரும் கண்ணியில் அறுந்திருக்கும். அனுபவமுள்ளவர் ஒரு சுற்றைப் பிரித்து மறுபடி இணைத்துவிடுவார். மூலச் சுருள் பிழைத்துக்கொள்ளும்.

9. பிரிட்ஜ், ட்யூனர், ஃப்ரெட்

பிரிட்ஜ்: அந்தக் காலத்து வார்ப்புலோக பிரிட்ஜுக்குப் பதிலாக எஃகுக் கட்டை வைத்தது போட விரும்பினால், ஆறு ஸ்க்ரூவும் 56 மி.மீ. இடைவெளியும் உள்ளதைக் கேளுங்கள். 52.5 மி.மீ. இடைவெளி உள்ளதும் கடையில் பக்கத்திலேயே இருக்கும். அதன் ஓட்டைகள் சேராது. இரண்டு தூண் பிரிட்ஜுக்கு மரத்தைக் குடைய வேண்டும், வேண்டாம். கைப்பிடியின் புரியையும் பாருங்கள்: அமெரிக்க அளவு 10-32, மற்றவை மெட்ரிக். பழைய கைப்பிடியைப் புதுக் கட்டையில் கட்டாயமாகத் திருகினால் இரண்டும் கெடும்.

ட்யூனர்: ஹெட்ஸ்டாக் ஓட்டையைப் பெரிதாக்கச் சொல்லும் எதையும் வாங்காதீர்கள். சுருதி இறங்குவதற்குப் பல நேரம் ட்யூனர் காரணமாக இருப்பதில்லை. தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்கி நிற்கும். பென்சில் நுனியின் கிராஃபைட்டைப் பள்ளத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃப்ரெட்: தேய்மானம் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் மேப்பிள் பலகையில் ஃப்ரெட்டுக்கு மேலேயே கெட்டிப் பூச்சு இருப்பதால், பிடுங்கினால் பூச்சு துண்டு துண்டாகப் பெயரும். உயரம் மிச்சம் இருக்கும்வரை மட்டப்படுத்தி உருட்டிவிடுவதோடு நிறுத்துங்கள். அந்த வேலையைத் தெரிந்த கைவினைஞரிடம் கொடுங்கள். இந்த வழிகாட்டியைப் படித்துவிட்டு வீட்டில் முயல வேண்டாம்.

10. கழற்றியதை வைக்கும் விதம்

பழைய பிக்கார்டை அமிலமில்லாத தாளில் சுற்றி, கெட்டி அட்டைப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள். பிக்கப்கள் மேல் எந்தக் கனமும் வரக் கூடாது. மூன்று காந்தத் தொகுதிகளும் உள்ளதால், வேறு பிக்கப்களையோ ஸ்பீக்கரையோ பக்கத்தில் வைக்காதீர்கள். நுரை ரப்பரில் சுற்றவே கூடாது. சில வருடங்களில் அது பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். இதே காரணத்துக்காக, ரப்பர் பிடி உள்ள ஸ்டாண்டில் கிடாரின் ஹெட்ஸ்டாக் முகப்பு உரசாமல் பருத்தித் துணி சுற்றுங்கள். ரப்பரிலிருந்து கசிவது நைட்ரோவைக் கரைக்கும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு, அது நிறம் மாறும்போது மாற்றுங்கள். கிடார் இருக்கும் இடத்தில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் கழுத்து நிலையாக நிற்கும். சேடிலின் சிறு ஆலன் ஸ்க்ரூக்கள் உப்புக்காற்றில் முதலில் இறுகிவிடும்; ஒவ்வொரு தந்தி மாற்றத்தின்போதும் அவற்றை அரைச் சுற்று முன்பின் திருகி, ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். இறுகிவிட்டால் சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூவின் மேல் சிறிது நேரம் வைத்து, ஆறவிட்டுத் திருகிப் பாருங்கள்.

பெட்டியின் மேல் கிடாரின் சீரியல் எண், கழற்றிய தேதி, உள்ளே உள்ள பாகங்களின் பட்டியல், எந்த மூன்று இணைப்புகள் பிரிக்கப்பட்டன என்ற குறிப்பு நான்கையும் எழுதி ஒட்டுங்கள். படங்களின் அச்சுப் பிரதியையும் உள்ளே போடுங்கள். கிடாரை விற்றால் பெட்டியும் அதோடு போக வேண்டும். விற்பனை ரசீதில் அதைத் தனி வரியாகக் குறிப்பிடுங்கள்.